கடைசிப் பக்கத்தைப் பார்த்துப் புத்தகம் எடுத்தவர்

நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களிடம் அரைமணி நேரம் பேச முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பேச வராது. பணிக்காலம் முழுக்க ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தவனுக்கு மேடையில் எங்கிருந்து பேச்சு வரும்? எழுதித் தருகிறேன். உங்களில் குரல் நன்றாக இருப்பவர் யாராவது வாசித்துவிடுங்கள். நடுவில் யாரேனும் தூங்கிப்போனால் எழுப்ப வேண்டாம். நூலகத்தில் தூங்குகிறவரை எழுப்பும் பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

புத்தகத்தைப் பகுப்பது, எண் போடுவது, அடுக்குவது எல்லாம் உங்களுக்குப் பாடமாகவே வைத்திருப்பார்கள். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அது நடந்த நூலகம் திண்டிவனத்தில் எது என்று சொல்லமாட்டேன். இப்போது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வீண் சங்கடம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த ஊரும் அதுதான். அங்கே எனக்கு மேலே இருந்த நூலகர் ஒரு வினோதமான மனிதர். திரும்பி வரும் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். “இது சமையல்கட்டுல இருந்து வருது, இது பீடி குடிக்கிறவர் வூட்டுல இருந்து வருது” என்பார். ஒரு நாள் எண்ணெய்க் கறை படிந்த புத்தகத்தை நான் முகம் சுளித்துத் தனியே வைத்தேன். அவர் அதை எடுத்து மறுபடியும் அலமாரியில் வைத்துவிட்டு, “அழுக்கான புத்தகத்தைப் பார்த்து பயப்படாதய்யா. பத்து வருஷமா அழுக்கே ஆகாம நிக்குது பாரு, அதைப் பார்த்து பயப்படு” என்றார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவர் சோம்பேறித்தனத்துக்குச் சமாதானம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என்னைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். அங்கே நான் ஒருவன்தான் எல்லாம். ரயில்பாதைக்குப் பக்கத்தில் ஓர் அறை, மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. அப்பாவும் அம்மாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டார் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். “லைப்ரரியில வேலைன்னா, அதுக்கப்புறம் என்ன வேலைக்குப் போவாரு?” என்று ஒருவர் என் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார். அதோடு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

தனிமை என்றால் கவிதையில் வருவது போல நிலாவும் மழையுமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். யாரும் நம்மோடு பேசமாட்டார்கள். பேசினால் நாமே பலகையைக் காட்டுவோம். அறைக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றும்போது, அன்றைக்கு முழுக்க ‘சில்லறை இல்லை’, ‘நேரமாச்சு, மூடணும்’ என்ற இரண்டு வாக்கியங்களைத்தான் பேசியிருக்கிறேன் என்று தெரியும். எனக்கு அது மிகவும் வலித்தது. அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

நமக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பது உங்களுக்குத் தெரியும். சினிமா மாறுவதும் வெள்ளிக்கிழமைதான். என் வாழ்க்கையில் கடவுள் செய்த ஒரே ஏற்பாடு அது. மதியக் காட்சிக்குப் போய்விடுவேன். எனக்குச் சினிமா பார்க்கத் தெரிந்ததே அந்த ஊரில்தான். பாட்டுக்கு எழுந்துபோய் முறுக்கு வாங்குகிறவர்களுக்கு நடுவில், ஒரு பிரேம்கூடத் தவறவிடாமல் உட்கார்ந்திருப்பேன். படத்தைவிட, படம் முடிந்து வெளியே வரும் அந்த ஐந்து நிமிடம்தான் பெரும்பாடு. எல்லோரும் யாருடனாவது படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள். நான் சைக்கிளைத் தேடுவது போல் பாவனை செய்துகொண்டு நிற்பேன். என்னிடம் சைக்கிளே கிடையாது.

கொஞ்ச நாளில் ஊரில் டி.வி. வந்தது. சென்னை தெரிவதற்காகத் தென்னைமர உயரத்துக்குக் கம்பம் நட்டார்கள். ஞாயிறு மாலை படம் போட்டால் வாசகர் யாரும் வரமாட்டார்கள். மின்விசிறி, வாரப்பத்திரிகைகள், நான். டி.வி. வாசிப்பைக் கொன்றுவிட்டது என்று கூட்டங்களில் ஆவேசமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அந்த ஞாயிறுகளில் எனக்கும் யார் வீட்டு வாசலிலாவது நின்று படம் பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. சாவி என்னிடம் இருந்ததால் உட்கார்ந்திருந்தேன்.

ஏழுமலை என்பவர் வந்தது இந்தக் காலத்தில்தான். மயிலம் போகும் சாலையில் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். ஐம்பது வயது இருக்கும். உறுப்பினர் படிவத்தை வீட்டிலேயே பூர்த்தி செய்து எடுத்து வந்திருந்தார். முத்து முத்தான கையெழுத்து. கீழே ஒப்பம் மட்டும் கோணல்மாணலாக இருந்தது. அவசரத்தில் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

வாரத்துக்கு இரண்டு முறை வருவார். இரண்டு அட்டை, இரண்டு புத்தகம். மற்றவர்கள் தலைப்பைப் பார்ப்பார்கள், ஆசிரியர் பெயரைப் பார்ப்பார்கள். இவர் நாவல் அலமாரிக்கு நேராகப் போய் ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறப்பார். ஒரு கணம் பார்ப்பார். சிலதை வைத்துவிடுவார், சிலதை எடுத்துக்கொள்வார்.

“என்னங்க, முடிவை மொதல்லயே படிச்சிட்டா அப்புறம் என்ன சுவாரசியம்?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அப்பிடி ஒரு பழக்கங்க சார்” என்று சிரித்தார்.

முடிவு தெரிந்தபின்னும் வாசிக்கிறாரே, இவர்தான் உண்மையான வாசகர் என்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நமக்கு அறிவு அதிகம் அல்லவா, அப்படித்தான் போகும்.

அவரிடம் பேச ஆரம்பித்தேன். அரசர்கள் காலத்துக் கதை ஒன்று, மூன்று பாகம். அதை நான் பதினாறு வயதில் சோறு தண்ணி இல்லாமல் வாசித்தவன். அவர் கையில் கொடுத்து, “இதைப் படிச்சிட்டு எனக்குச் சொல்லணும்” என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த முறை வந்தபோது எப்படியிருந்தது என்றேன். கண்ணை மூடி ஞாபகப்படுத்துவது போல் நின்றுவிட்டு, “அரண்மனையில இத்தினி பேரு இருக்காங்க, குதிரையில வர்றாங்க போறாங்க. எல்லாருக்கும் சோறு ஆக்கறது யாருன்னு ஒரு எடத்துலயும் எழுதலீங்களே” என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருடமாக நான் தலையில் வைத்துக் கொண்டாடிய புத்தகம். அதில் அடுப்பே எரியவில்லை என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் பேச்சு ஒரு முறையில் நடந்தது. நான் ஒன்று கேட்பேன். அவர் உடனே பதில் சொல்லமாட்டார். நான்கு நாள் கழித்து வரும்போதுதான் பதில் வரும். யோசித்துப் பேசுகிற மனிதர் என்று மதிப்பு கூடியது. துப்பறியும் நாவல் எடுத்துப்போனால், “முப்பதாம் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிபோச்சுங்க. டீ கொடுத்தும் குடிக்காம போறான் பாருங்க, அவன்தான்” என்பார். பெரிய எழுத்தாளர் ஒருவருடைய சோக நாவலை மிகுந்த பீடிகையோடு கொடுத்தேன். கதாநாயகி கிணற்றில் விழுந்து செத்துவிடுவாள். நான்கு நாள் கழித்து பதில் வந்தது. “காலங்காத்தால கெணத்தடியில நாலு பொம்பளைங்க தண்ணி சேந்திக்கினு இருப்பாங்களே சார், அவங்கள்லாம் அன்னிக்கு எங்க போயிட்டாங்களாம்?”

அதுவரை நான் வேறு மாதிரி ஆள். இலக்கியம் என்று நான் நினைத்ததைக் கண்ணுக்கு எதிரே வைப்பேன். பெண்கள் கேட்டு வாங்கும் குடும்ப நாவல்களைக் குனிந்து தேடும்படி கீழ்த்தட்டில் வைப்பேன். ஏழுமலை பேசப்பேச எனக்கு அந்தத் திமிர் குறைந்தது. கீழ்த்தட்டில் இருந்ததை எடுத்து நானே வாசிக்கத் தொடங்கினேன். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வேலை இருக்கிறது என்பது அந்தப் புத்தகங்களில்தான் எனக்குத் தெரியவந்தது.

சினிமாவும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பார்த்த கதையைச் சனிக்கிழமை அவருக்குச் சொல்வேன். அவர் கேட்கிற கேள்விகள் விசித்திரமாக இருக்கும். “அந்தப் பொண்ணு கோயிலுக்குப் போவும்போது என்னா கலர் பொடவை கட்டிக்கினு இருந்துச்சுங்க?” என்பார். நான் விழிப்பேன். அடுத்த வெள்ளியிலிருந்து புடவை நிறத்தையும் பார்த்து வைத்துக்கொள்வேன். ஒரு படத்தின் முடிவில் கணவன் மன்னிப்புக் கேட்பான், மனைவி அழுதுகொண்டே அவன் காலில் விழுவாள். நான் தேம்பித் தேம்பி அழுத படம். நான்கு நாள் கழித்து அவர் கேட்டார். “தப்பு பண்ணது அவன். அது ஏங்க கால்ல உழுவுது?” அதற்குப் பிறகு அந்த மாதிரிக் காட்சிக்கு என்னால் அழ முடியவில்லை. இன்றைக்கும் முடிவதில்லை.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு நண்பர் கிடைத்துவிட்டார் என்று நம்பினேன். படம் முடிந்து வெளியே வரும்போது சைக்கிள் தேடுவதை விட்டேன். சொல்ல ஆள் இருக்கிறதே.

இப்போது தப்புக்கு வருகிறேன். மேலதிகாரி ஆய்வுக்கு வரப்போவதாகக் கடிதம் வந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. நல்ல பெயர் வாங்கினால் விழுப்புரத்துக்கே திரும்பிவிடலாம் என்று ஓர் ஆசை. புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரிபார்த்தபோது, நாவல்களின் கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் போட்ட ஒரு சின்ன வட்டம் தென்பட்டது. ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். யாரோ வேண்டுமென்றே செய்கிற விஷமம் என்று எனக்குக் கோபம் வந்தது. ரப்பர் வாங்கி வந்து இரண்டு வாரம் உட்கார்ந்து அத்தனையையும் அழித்தேன். ஒரு புள்ளிகூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு எழுதி என் மேசைக்கு எதிர்த் தூணில் ஒட்டினேன். புத்தகங்களில் குறியிடுவோரின் உறுப்பினர் உரிமை நீக்கப்படும்.

அதன்பின் ஏழுமலையிடம் ஒரு தடுமாற்றம் தெரிந்தது. அலமாரி முன்னால் நெடுநேரம் நிற்பார். கடைசிப் பக்கத்தைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். எடுத்துப்போன புத்தகத்தை மறுநாளே கொண்டுவந்து, “இது வேணாங்க, வேற பாக்கறேன்” என்பார்.

“இதைத்தான் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எடுத்துக்கினு போனீங்களே. மறந்திட்டீங்களா?” என்று ஒரு முறை கேலி செய்தேன்.

“பேஜாராயிடுச்சுங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு எல்லாம் கண்முன்னால் இருந்தது. நான் பார்க்கவில்லை.

ஆய்வு நாள். காலை பதினொரு மணி. கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள், பேப்பர் படிக்கும் பெரியவர்களும் பரீட்சைக்குப் படிக்கும் இளைஞர்களுமாக. அதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை வந்து இரண்டு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு அலமாரிக்குப் போனார். அதிகாரி சும்மா மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் வட்டம்.

“புத்தகத்துல ஒரு கோடு இல்லைன்னு சொன்னீங்களே?” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஏழுமலையைக் கூப்பிட்டேன். “இது நீங்க போட்டதா?”

“எங்க வூட்டுலதாங்க.”

“தூண்ல அறிவிப்பு ஒட்டியிருக்கேனே, பார்க்கலையா?”

“பார்த்தேங்க.”

“பார்த்துமா? எங்கே, அதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒரு தரம் படிங்க.”

அவர் தூணைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “கண்ணாடி எடுத்தாரலைங்க.”

அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை. அவர் கண்கள் அந்தத் தாளின் எந்த ஓரத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் அலைந்தன. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. படிவத்தின் கையெழுத்து, நான்கு நாள் கழித்து வரும் பதில், புடவையின் நிறம், கடைசிப் பக்கம். படிக்கிறவர் வீட்டில் இருக்கிறார். படித்து முடித்ததற்கு அடையாளம் வட்டம். வட்டம் இல்லாததாகப் பார்த்து எடுத்துப்போவது மட்டும்தான் இவரால் முடியும். அதைத்தான் நான் ரப்பர் வைத்துத் தேய்த்திருக்கிறேன்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தை மட்டும் கவனமாகக் கேளுங்கள். புரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. புரிந்துவிட்டது. ‘சரி, நான் படிக்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் போதும். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். கூடம் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டுவிட்டோமே, பின்வாங்கினால் நமக்குக் கேவலம் என்று தோன்றியது. வாயைத் திறந்து சொன்னேன். “எழுத்து பெருசாத்தான் இருக்கு.”

பரீட்சைக்குப் படிக்கிற ஓர் இளைஞன் சிரித்துவிட்டான். “சரி விடுங்க சார்” என்றவர் அதிகாரிதான், நான் இல்லை.

ஏழுமலை சட்டைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். “வர்றேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். ஆய்வு அறிக்கையில் எனக்கு நல்ல பெயர்தான். வெள்ளிக்கிழமை படத்துக்குப் போவேன், கதாநாயகி பச்சைப் புடவை கட்டியிருப்பாள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாது.

ஆறாவது வெள்ளிக்கிழமை சினிமாவுக்குப் போகவில்லை. படிவத்திலிருந்த விலாசத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாவல்களோடு பஸ் ஏறினேன். வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து சரியாகக் கூடவில்லை, நாலடி நடந்தாலே அதிகம் என்று பிறகு சொன்னார். ஏழுமலையின் மனைவி, பெயர் சரோஜா. எட்டாவது வரை படித்தவர். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

“லைப்ரரி சாருங்களா? சுண்ணாம்பு அடிக்கற வேலை முடிஞ்சிடுச்சுங்களா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. நூலகத்தை மூடிச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று ஏழுமலை வீட்டில் சொல்லிவைத்திருக்கிறார்.

“முடிஞ்சிடுச்சும்மா” என்றேன்.

“உங்களைப் பத்திப் பேசாத நாள் கெடையாதுங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஆளுன்னு தெரிஞ்சும் அந்த சார் ஒரு நாளும் என்னைக் கொறைச்சலா நடத்தினதில்ல, உக்கார வெச்சி கதை சொல்லுவாருன்னு சொல்லும். அதுக்கு மனசு வேணும் சார்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார். அதே நேரம் ஏழுமலை தலையில் தீவனக் கட்டோடு வந்து நின்றார். கட்டை இறக்காமல் என்னையே பார்த்தார். நான் எதையாவது உளறிவிடுவேனோ என்ற பயம் அவர் கண்ணில் இருந்தது. என்னைப் பார்த்து அவர் பயப்பட்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

“வட்டத்தையெல்லாம் அழிச்சது நான்தாம்மா. தெரியாம செஞ்சிட்டேன்” என்றேன். சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

“போனா போவுது சார், பென்சிலுதானே” என்று அந்த அம்மா சிரித்தார்.

பஸ் நிற்கும் இடம்வரை ஏழுமலை என்னோடு வந்தார். பஸ்ஸைக் கண்டதும்தான் சொன்னார். “நீங்க வேணும்னா இங்க வாங்க சார். நான் அங்க வர மாட்டேங்க.”

அப்படியே செய்தேன். வெள்ளிக்கிழமை தோறும் புத்தகம் கொண்டுபோனேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறேன் என்று மனதுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அந்த அம்மாவோடு நேருக்கு நேராகப் பேசுவது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. கேட்டவுடன் பதில் வந்தது. எந்த நாவலாசிரியருக்குப் பெண்களைத் தெரியும், யாருக்குத் தெரியாது, டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர்கள் ஏன் சிரிப்பதில்லை என்று பேசிக்கொண்டே இருப்போம். நான் போனதும் ஏழுமலை எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போய்விடுவார்.

ஏழெட்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. முன்னல்லாம் உங்ககிட்ட பேசிட்டு வந்தா, வந்து செருப்பக்கூட கழட்டாது. அந்த சார் இப்பிடிக் கேட்டாரு, அந்தப் படத்துல இப்பிடி வருதாம்னு நடிச்சே காட்டும். நான் சொல்றதைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணும். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். முப்பது வருஷத்துல நாங்க அந்த அளவுக்குப் பேசினதே அப்பத்தான். இப்ப நீங்களே நேர்ல வந்துடறீங்க. அதுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லாம போயிடுச்சு. வூட்டுல பேச்சே இல்லீங்க.”

கட்டில் காலைப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். ஒரு முறை அவரைக் கூடத்தில் தலைகுனிய வைத்தேன். அதைச் சரிசெய்கிறேன் என்று வந்து, அவர் வீட்டிலேயே அவருக்கு இருந்த இடத்தையும் எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் எனக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது.

“இனிமே நான் வரலம்மா” என்றேன்.

“அதாங்க சார் சரி.”

“அவர் வராம போயிட்டா உங்களுக்குப் புத்தகம்?”

“இல்லாம இருந்துக்கறேன். எனக்குப் புக்கு மட்டும் இருந்து இன்னா பண்றது?”

திண்டிவனத்துக்கு வந்து முதல் வேலையாகத் தூணிலிருந்த தாளைக் கிழித்தேன். அதனால் ஒன்றும் ஆகிவிடாது என்று தெரியும். ஏழுமலை வரவில்லை. மல்லாட்டை பிடுங்கும் காலமும் முடிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலைப் பார்ப்பேன். அந்த அம்மா கட்டிலில் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால், எழுந்து பஸ் ஏறிவிடலாமா என்று இருக்கும். என் பணிக்காலத்தில் நான் செய்த ஆகக் கடினமான வேலை, அந்த மூன்று மாதம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

ஒரு புதன்கிழமை காலை கூடம் நிறைய ஆட்கள். ஏழுமலை உள்ளே வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். அலமாரிப் பக்கம் போகவில்லை. நேராக என் மேசைக்கு எதிரே வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

“சார், எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எங்க வூட்டுக்காரிக்குத் தெரியும். அதுக்கு ரெண்டு புக்கு வேணும். படிக்காத புக்கா நீங்களே பார்த்துக் குடுங்க.”

பேப்பர் புரட்டும் சத்தம் நின்றது. அன்றைக்குச் சிரித்த இளைஞன் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இழுப்பறையிலிருந்து அவருடைய இரண்டு அட்டைகளையும் எடுத்துக் கொடுத்தேன். எழுந்துபோய்ப் புத்தகம் தேடினேன்.

இதை நான் யாரிடம் சொன்னாலும் அவருடைய துணிவைப் பாராட்டுகிறார்கள். நீங்களும் பாராட்டுவீர்கள். எனக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. புத்தகம் வாங்க வந்த ஒருவர் தன்னைப் பற்றி ஊருக்கே சொல்லித்தான் அதை வாங்க வேண்டும் என்று ஆக்கியவன் நான். நூலகத்தில் யாருக்கும் அந்தத் துணிவு தேவைப்படக் கூடாது. உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.

அதன்பின் அவர் தவறாமல் வந்தார். நானும் பழையபடி சனிக்கிழமைகளில் படக்கதை சொன்னேன். கவனமாகக் கேட்பார், கேள்வி கேட்பார். ஆனால் அடுத்த முறை வரும்போது பதில் கொண்டுவரமாட்டார். புத்தகத்தை வைப்பார், எடுப்பார், போவார். நான் காத்திருந்து காத்திருந்து, ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“அந்தப் படத்தோட முடிவைப் பத்தி அம்மா ஒண்ணும் சொல்லலீங்களா?”

“சொல்லுச்சுங்க. நெறைய சொல்லுச்சு” என்றார். எடுத்த புத்தகங்களை என் பக்கம் நகர்த்தினார். “அது எங்களுக்குள்ள இருக்கட்டும் சார்.”

நான் தேதி முத்திரையைக் குத்தி இரண்டு புத்தகங்களையும் அவர் கையில் கொடுத்தேன்.